யாரு மேலயும் குத்தமில்ல

அவரைப் போல அழத் தெரிந்த ஓர் ஆண்பிள்ளையை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. கண்ணைக் கசக்கி வரவழைக்கிற அழுகை இல்லை அது. வாசலுக்கு வரும்போதே கண் கலங்கியிருக்கும். சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, இரண்டையும் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைப்பார். பிறகு குனிந்து உள்ளே வந்து, பாய் போடக்கூட விடாமல் வெறுந்தரையில் உட்காருவார். வெள்ளைக் கால்சட்டை அழுக்காகுமே என்று நமக்குத்தான் பதறும். பிள்ளை செத்த வீட்டில் பெற்ற தகப்பனுக்கு முன்னால் கண்ணீர் விடுகிறவர் அவர். அந்த அழுகையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தோட்டத்து டிரெசர் அவர். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகிற தார்ச் சடக்கை விட்டுப் பிரிந்து, செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போக வேண்டிய கித்தாத் தோட்டம், ரப்பர்த் தோட்டம் அது. பெரிய டாக்டர் எப்போதாவது மோட்டாரில் வந்து போவார். மற்றபடி மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, காய்ச்சலா நடிப்பா என்று பார்த்துச் சொல்வது எல்லாம் இவர்தான். அதனால் எங்களுக்கு இவரே டாக்டரய்யா. பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "அந்த நல்ல மனுசனையா இப்படிப் பேசுற?" என்று சண்டைக்கு வர இன்னும் ஆள் இருக்கிறது. நல்ல மனுஷர்தான், யார் இல்லை என்றது? என் வயிற்றெரிச்சலே அதுதானே.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் எங்களுக்கு மரியாதை என்று ஒன்று யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. கங்காணி வாயைத் திறந்தால் கழுதையில்தான் ஆரம்பிப்பான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு நாங்கள் எல்லாரும் 'ஏய்'. துரைக்கு அதுகூட இல்லை, பிரம்பை நீட்டுவதோடு சரி. டாக்டரய்யா ஒருவர்தான் 'தங்கச்சி' என்று கூப்பிட்டார். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து கசக்குமென்று பிள்ளைகளுக்காகச் சட்டைப்பையில் சீனிக்கட்டி வைத்திருப்பார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் நடுவில் போய் நின்று, இருவர் தோளிலும் கை போட்டு, "விடுங்கப்பா, யாரு மேலயும் குத்தமில்ல" என்பார். அத்தோடு அடங்கிவிடுவார்கள்.

அந்த ஒரு பேச்சுதான் அவர் வாயில் எந்நேரமும். எதற்கும் அதுதான் மருந்து.

ஒரு தடவை, வாளிப் பாலைக் கொட்டிவிட்டார் என்று ஒரு பால்வெட்டுக்காரரைக் கங்காணி உதைத்த உதையில் விலா வீங்கிவிட்டது. டாக்டரய்யா தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கத் தேய்க்கப் பேச்சு. "கங்காணிக்கு மேல கிராணி, கிராணிக்கு மேல தொர. அவனவனுக்கு அவனவன் பாடு. உனக்கும் கால் வழுக்கிருச்சு, நீ வேணும்னா கொட்டுன? யாரு மேலயும் குத்தமில்லப்பா." கட்டுப் போட்டு முடிந்ததும் அந்த ஆள் எழுந்து நேரே கங்காணி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். உதை வாங்கினவர்! லயத்து வரிசை வீடுகளில் அன்றைக்கு நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஐயா கையில் என்ன மாயம் இருக்கிறதோ என்று மெச்சவும் செய்தோம். அப்போது எனக்கு அது மாயமாகத்தான் தெரிந்தது.

எங்கள் ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு, ஆளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு, மணி அடிக்கும். போகிற வழியில் கைப்பிள்ளையைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். தகரக் கூரை, வரிசையாகத் தூளிகள், பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆயா. அவளைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், அவளுக்கும் கை இரண்டுதான். தோட்டத்தில் கொடுக்கிற டின் பாலைக் காலையிலேயே பெரிய பானையில் கலக்கி வைத்துவிடுவாள். நாங்கள் காட்டிலிருந்து திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பானைதான். நடுவில் ஓடிவந்து மார் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால் விட மாட்டார்கள். வேலை கெடுமாம். மரத்துப் பாலை நான் சிந்தாமல் வாளியில் சேர்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, கீழே மண்ணில் சொட்டிக்கொண்டிருக்கும். அங்கே என் பிள்ளை பானைப் பாலைக் குடித்துக்கொண்டிருப்பான்.

பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தன. வயிற்றால் போகும், கண் உள்ளே இழுக்கும், அப்புறம் அழக்கூடச் சத்தம் இருக்காது. சீர் தட்டிவிட்டது என்போம், பல் முளைக்கிற தோஷம் என்போம், ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்போம். கைப்பிள்ளைச் சாவுக்குக் கொட்டு மேளம் கிடையாது, பெரிய சடங்கு கிடையாது. கித்தா மரங்களுக்குப் பின்னால் ஆற்றோரம் குழி தோண்டி வைத்துவிட்டு வருவார்கள். தாய்க்காரி மறுநாள் பெரட்டில் நிற்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் பெரட்டில் பெரிய கிராணி ஒரு சமாசாரம் சொன்னார். "இனிமே ஒரு வயசுக்குள்ள புள்ள செத்தா ஜொகூர்லேருந்து ஆபீசர் வருவாரு. ஏன் செத்துச்சு, தடுத்திருக்க முடியுமா முடியாதான்னு பெத்தவள நேராக் கேப்பாரு. புதுசாச் சட்டம் போட்டிருக்காங்க."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு மருதாயி என் காதில், "நம்ம புள்ள செத்தா ராசாங்கத்துக்கு என்னாடி?" என்றாள். அவள் இரண்டைக் குழிக்குள் வைத்தவள். மூன்றாவதை அப்போது கொட்டகையில் விட்டிருந்தாள். கேட்க ஒரு நாதி வந்ததே என்று எங்களுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. கவர்ன்மெண்டு ஆள் வந்து கேள்வி கேட்டால் அது போலீஸ் கேஸ் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெற்றவளைக் கேட்பார்கள் என்றால், பெற்றவள்தான் கொன்றாள் என்று எழுதத்தானே கேட்பார்கள்? இப்படி நாங்களே முடிவு கட்டிவிட்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பயத்தை அவர் போக்கியிருக்கலாம். "அட பைத்தியங்களா, உங்களுக்காகத்தான் வர்றாங்க, உள்ளதச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. பயமுறுத்தவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மருதாயியின் மூன்றாவதும் போனபோது வந்து தரையில் உட்கார்ந்தார். அழுதார். தன் கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "ஆபீசர் வருவாரு தங்கச்சி. நீ பயப்படாத. நான் பக்கத்துலயே இருப்பேன். எது கேட்டாலும் யாரு மேலயும் குத்தமில்லய்யான்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மருதாயி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆபீசர் வந்தார். ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். டாக்டரய்யா தமிழை இங்கிலீஷில் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டார். மருதாயி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஆபீசர் தலையாட்டிவிட்டு எழுந்து மோட்டாரில் போய்விட்டார். கேஸ் ஆகவில்லை! தோட்டமே ஐயாவைத் தெய்வமாகப் பார்த்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் பிள்ளை போனாலும், ஐயா வந்து சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தாய்மார்களே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பானை அங்கேயேதான் இருந்தது.

என் பிள்ளைக்கு முத்து என்று பேர் வைத்திருந்தோம். தவழ ஆரம்பித்திருந்தான். பெரட்டுக்குப் போகிற இருட்டில் தூளியில் போடும்போது என் தலைமயிரைப் பிடித்துக்கொள்வான், ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத்தான் நான் ஓட வேண்டும். அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை. அதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் முடியாது. டாக்டரய்யா வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உலகத்தில் இன்னொரு ஜீவன் என் முத்துக்காக அழுகிறதே என்று நினைத்தேன். "யாரு மேலயும் குத்தமில்ல தங்கச்சி" என்று அவர் என் தலையில் கை வைத்தபோது, என் மேலும் இல்லை என்று கேட்டு நெஞ்சு லேசானது. கிராணியிடம் பேசி எனக்குக் கொஞ்ச நாளைக்கு வெயிலில்லாத வேலையும் வாங்கிக் கொடுத்தார். அவர் வீட்டு வளவில் புல் பிடுங்குகிற வேலை.

அங்கேதான் எனக்குக் கண் திறந்தது. அவர் மனைவி சின்ன வயது. வெள்ளந்தி. அவளுக்கும் ஒரு கைப்பிள்ளை. ஒருநாள் அது வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது. உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள். பார்க்கப் பொறுக்காமல் நான் சொன்னேன்: "அம்மா, கொட்டகையில கலக்குன பால் இருக்கும். ஓடிப்போயி ஒரு கிண்ணம் வாங்கியாரட்டுமா?"

அவள் நெருப்பை மிதித்த மாதிரி பதறினாள். "ஐயையோ, அந்தப் பாலா? வேணாம்மா! அது வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காங்க. காலையில கலக்கி வச்ச பாலு வெயில் ஏறுனா வெசமாம். வாயில படவே கூடாதாம். அப்பப்பக் கொதிக்க வச்சுக் கலக்குனாத்தான் புள்ள தங்கும்னு சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போனாள், தான் என்ன சொன்னோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என் கையில் பிடுங்கின புல் இருந்தது. விஷம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மருதாயி வீட்டில் உட்கார்ந்து அழுதார். தெரிந்துகொண்டுதான் என் தலையில் கை வைத்தார். தெரியாத ஆளாக இருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்!

துரை மேல் கோபமில்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? டின் பாலில் சிக்கனம் பிடித்ததும், பால் கொடுக்க விடாததும் அவன்தானே. அவனை நான் சபிக்காத நாளில்லை. ஆனால் துரை என் வீட்டுத் தரையில் வந்து உட்கார்ந்து அழவில்லை.

ஆபீசர் வருகிற நாளும் வந்தது. இதற்குள் இன்னொரு கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரரின் தங்கை செல்லம்மா, பிள்ளை பெற்று அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் மகளை முத்து கிடந்த அதே தூளியில் போட்டிருந்தார்கள். அதே பானை. நானும் எல்லாரையும் போலக் குத்தமில்லை என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த குழி அந்தப் பிள்ளைக்குத்தான். ஆபீசரிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்று செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "அண்ணி, சும்மா கெட! ஐயாவப் பகச்சா நாளைக்கு மருந்துக்கு யார்கிட்டப் போறது?" என்றாள். அதுவும் நியாயம்தானே. ஆளுக்கொரு நியாயம் இருந்தது அங்கே, பிள்ளைக்குத்தான் ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை வந்த ஆபீசர் மலாய்க்காரர். கறுப்புச் சொங்கோக் தொப்பி, கனிவான முகம். துரை ஒரு நாற்காலியில், அவர் ஒரு நாற்காலியில். டாக்டரய்யா பக்கத்தில் கைகட்டி நின்றார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், தைரியமாக இரு என்பதுபோல.

"கொழந்தைக்கு என்ன ஆச்சும்மான்னு கேக்குறாரு" என்றார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் கலக்குகிற பானையை, புளித்த வாடையை, பால் கொடுக்க வர விடாததை, என் ரவிக்கை நனைந்ததை. "இந்த ஐயாவுக்கு அது வெசம்னு தெரியும். இவரு வீட்டுக்குள்ள அந்தப் பால விடமாட்டாரு. கேட்டுப் பாருங்க" என்று டாக்டரய்யா முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

டாக்டரய்யாவின் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். பிறகு அவர் கண் கலங்கியது. ஆபீசர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நான் அவ்வளவு பேசியதற்கு அவர் சொன்னது ரொம்பக் கொஞ்சம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மருதாயிக்காகச் சொன்னபோது வராந்தா ஓரம் நின்று நான் கேட்ட அதே ஓசை அது. ஆபீசர் பரிதாபமாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். துரை கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆபீசர் ரொம்ப வருத்தப்படுறாரு தங்கச்சி," என்றார் டாக்டரய்யா, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு. "யாரு மேலயும் குத்தமில்லன்னு சொல்றாரு. நீ வீட்டுக்குப் போம்மா."

ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்தார். எனக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ அந்த வெறி. தோட்டத்து எல்லையில் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரி ஒருத்தி வாழைப்பழம் விற்க வருவாள். அவளோடு பேசிப் பழகின சந்தை மலாய் கொஞ்சம் என்னிடம் இருந்தது. பழம் அழுகலா நல்லதா என்று கேட்கிற அளவு. அது போதுமாக இருந்தது.

"துவான்!" என்று கத்தினேன். "சூசு சுடா பாசி! சாயா புஞா அனா மாத்தி. டியா புஞா அனா தடா மீனோம்!"

ஐயா, பால் கெட்டுப்போனது, என் பிள்ளை செத்தான், இவர் பிள்ளை அதைக் குடிப்பதில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. டாக்டரய்யாவைக் கை நீட்டிக் காட்டினேன்.

ஆபீசர் நின்றார். என்னைப் பார்த்தார், அப்புறம் டாக்டரய்யாவைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கனிவெல்லாம் போய்விட்டது. மலாயில் என்னிடமே கேட்டார், மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி: அந்தப் பால் எங்கே இருக்கிறது? நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். துரையும் வேறு வழியில்லாமல் வந்தான். கொட்டகையில் பானையின் மூடியை அவரே எடுத்தார். முகர்ந்து பார்த்தார். "அலாமாக்" என்று வாய்க்குள் சொன்னவர், அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுக் கான் வாய்க்காலில் அப்படியே கவிழ்த்தார். துரைக்கு முன்னாலேயே. ஆயா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பால் அப்போதைக்கப்போது கொதித்த தண்ணீரில் கலக்கப்பட்டது. கைப்பிள்ளைக்காரிகள் வேலைக்கு நடுவே வந்து மார் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உத்தரவும் வந்தது. செல்லம்மா மகள் பிழைத்துக்கொண்டாள். அதற்காக லயத்தில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். "ஆபத்துக்கு ஓடியாற மனுசன். அவரப் போயி நாலு பேரு முன்னால தலகுனிய வச்சிட்டியே!" என்று தண்ணீர்ப் பீலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள் மருதாயி, மூன்றைப் பறிகொடுத்த மருதாயி. அவர் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டால் அவள் மூன்று பிள்ளைக்கும் சேர்த்து அல்லவா திரும்ப அழ வேண்டும்?

ஆபீசர் வந்துபோன அன்று சாயங்காலமே டாக்டரய்யா என் வீட்டுக்கு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைச் சுருட்டி வைத்தார், ஜோடி சேர்த்தார். வெறுந்தரையில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் தொரைகிட்ட ஒரு தடவ சொன்னேன் தங்கச்சி. பால அப்பப்பக் கலக்கணும்னு. உன் வேலையப் பாருன்னுட்டாரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. நான் என்ன செய்யறது?"

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே. தொர காதுல ஏறலன்னா எங்க காதுல போட்டிருக்கலாமே. வீட்டம்மாகிட்டச் சொன்னீங்கள்ல? அதே மாதிரி எங்களுக்கும் ஒரு வார்த்த. பச்சத் தண்ணியக் காய்ச்சிக் குடுத்தாவது காப்பாத்தியிருப்போமே."

அவர் பழைய பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"போனது போகட்டும்மா. யாரு மேலயும்..."

"இருக்குங்கய்யா," என்றேன். "குத்தம் இருக்கு. யாரு மேலயும் குத்தமில்லன்னா எம்புள்ள சும்மாவா செத்தான்? அந்தக் குத்தத்தையாவது அவனுக்கு விட்டு வைங்க. அதையும் அழுதே கரச்சிராதீங்க."

கைக்குட்டை நீட்டியபடியே இருந்தது. நான் வாங்கவில்லை. அவர் கண்ணில் தேங்கி நின்ற தண்ணீர் விழவில்லை, அப்படியே வற்றிப்போனது. அவர் எழுந்து, சப்பாத்தைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு லயத்துச் சேற்றில் இறங்கி நடந்தார். பிள்ளை செத்த வீட்டுக்கு வந்து அவர் அழாமல் திரும்பிப் போனது அன்றைக்குத்தான்.